லே போ கோட்டையில் ஒரு கல்லெறி ஏற்றம்

தெற்கு பிரான்ஸில் ஆர்ல் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம். சுண்ணாம்புப் பாறை உச்சியில், 1630களில் பிரெஞ்சு முதலமைச்சர் ரிஷ்லியோ காலத்தில் இடித்துப் போட்டபடியே கிடக்கிறது லே போ கோட்டை. அலுமினியம் எடுக்கும் பாக்ஸைட் தாதுவுக்குப் பெயர் கொடுத்தது இந்த ஊர்தான் என்று மகளிடம் சொன்னேன். காதில் வாங்கவில்லை. வெட்டவெளியில் நின்ற மர எந்திரங்களைப் பார்த்து ஓடிவிட்டாள்.

எல்லாம் பழைய முறைப்படி இப்போது செய்து வைத்தவை. பெரியது ட்ரெபுஷே, அந்தக் காலத்தில் கோட்டைகள் மேல் கல் எறிந்த எந்திரம், 16 மீட்டர் உயரம். பார்த்ததும் தாத்தா தோட்டத்துக் கிணற்று ஏற்றம்தான் ஞாபகம் வந்தது. அங்கே மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். இங்கே ஆளுக்குப் பதில் கனமான பெட்டி. அச்சுக்கு ஒரு பக்கம் மரம் குட்டை, மறுபக்கம் நீளம். குட்டைப் பக்கத்தில் தொங்கும் பெட்டி விழுந்தால், நீண்ட நுனி கவணையும் கல்லையும் இழுத்துக்கொண்டு எகிறும்.

பக்கத்திலிருந்த சின்னதற்குப் பெயர் ப்ரிகோல். கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுக்க வேண்டும். இழுத்து எறியும் முறை சீனாவில் கிறிஸ்துவுக்கு முன்பே உண்டு. எடை கட்டும் யோசனை 12ஆம் நூற்றாண்டு வாக்கில் மத்தியதரைக் கடல் பக்கம் வந்தது. அப்புறம் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான், மேற்காசியப் பொறியாளர்களை வரவழைத்துச் செய்த, எடை கட்டிய எந்திரத்தின் துணையோடு 1273இல் சீனாவின் சியாங்யாங் நகரத்தைப் பிடித்தார். பிள்ளை உடம்பு தேறிப் பிறந்த வீடு திரும்பிய மாதிரி!

ரோமானியர்களின் கல்லெறி எந்திரம் வேறு ரகம். முறுக்கேற்றிய விலங்கு நரம்புக் கயிறுதான் அதற்கு விசை. ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். ட்ரெபுஷேக்கு அந்தத் தொல்லை இல்லை.

1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டைக்காரர்கள் சரணடைய வந்தபோது, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஒப்பவில்லை. புதிதாகச் செய்த 'வார்வுல்ஃப்' ட்ரெபுஷேயை ஒருமுறை எறிந்து பார்க்க வேண்டுமாம். புது பொம்மை கிடைத்த குழந்தைதான், வேறென்ன?

"கல்லை யார் விடுவிக்கிறார்கள்?" என்றாள் மகள். நல்ல கேள்வி. யாருமில்லை. கவணின் ஒரு முனை மரத்தோடு கட்டியிருக்கும். இன்னொன்று நுனியிலுள்ள இரும்பு முளையில் வெறுமனே மாட்டியிருக்கும். கவண் சுழன்று முன்னால் வரும்போது அது தானாகவே நழுவும். எப்போது நழுவும் என்பது முளையின் வளைவைப் பொறுத்தது. இத்தனை பெரிய மரத்துக்கும் எடைக்கும் எஜமான் அந்தச் சின்ன இரும்புதான்.

ஊர் திரும்பியதும் ஐஸ் குச்சி, ஆணி, எடைக்குப் பழைய பேட்டரிகளை வைத்துக் குட்டி ட்ரெபுஷே ஒன்று செய்தோம். முதல் உருண்டை பின்னால் போய் என் நெற்றியில் பட்டது. முளையாக வைத்த ஆணி நேராக இருந்ததால் கவண் சீக்கிரமே நழுவிவிட்டது. ஆணியைக் கொஞ்சம் முன்னால் வளைத்தாள். நேரே மேலே போய் மின்விசிறியில் பட்டது. இன்னும் கொஞ்சம் வளைத்தாள். சோஃபாவைத் தாண்டிப் போய்ச் சமையலறை வாசலில் விழுந்தது. அங்கே நின்றிருந்த என் மனைவி எதுவும் சொல்லாமல் உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டார்.