வெங்கன்: ஒரே சரிவு, இரண்டு பருவம்

சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்குக் கோடையில் போனால் கீழே தங்குங்கள், குளிர்காலத்தில் போனால் மேலே வெங்கன் ஊரில் தங்குங்கள். இரண்டு பருவத்திலும் போய் வந்தவன் என்ற முறையில் கேட்பவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் பள்ளத்தாக்கில் எங்கே நின்றாலும் தண்ணீர்ச் சத்தம்தான். ஸ்டௌப்பாக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். காற்றடித்தால் பாதி வழியிலேயே சாரலாகக் கலைந்துவிடும். சற்றுத் தள்ளி ட்ரூமல்பாக், மலையைக் குடைந்துகொண்டு உள்ளுக்குள்ளேயே விழுகிற அருவி. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் ஆகிய சிகரங்களின் பனியாறுகள் உருகி இதன் வழியாகத்தான் இறங்குகின்றன, விநாடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன். அதிர்வு முழங்கை வரை ஏறியது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. குளிர்காலத்தில் இதை மூடிவிடுவார்கள்.

ஜனவரியில் அதே பள்ளத்தாக்கின் அடியில் வெயில் தலைகாட்டுவதே கொஞ்ச நேரம்தான். அதனால்தான் வெங்கன். 1,274 மீட்டர் உயரத்தில் வெயில் பார்த்த மேட்டில் இருக்கிறது ஊர். காரைக் கீழேயே விட்டுவிட்டு, 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும்.

கோடையில் வெங்கனுக்கு மேலே உள்ள கிளைன ஷைடெக் கணவாயிலிருந்து வெங்கனுக்கு இறங்கி நடந்தபோது, ரயில் பாதைக்கு அடியில் ஒரு குறுகலான வழியைப் பார்த்தேன். பக்கத்துப் புல்வெளியில் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் கழுத்துமணியைத் தாங்கிய தோல்பட்டை என் உள்ளங்கை அகலம் இருந்தது. ஜனவரியில் வந்தால் அங்கே பாதுகாப்பு வலை கட்டியிருக்கிறது. 1930 முதல் நடக்கும் லௌபர்ஹார்ன் பனிச்சறுக்குப் போட்டியின் தடம் அந்த வழியில்தான் நுழைந்து போகிறது! நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர். 2013-ல் இதே தடத்தில் ஒரு வீரர் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். பசு நின்ற புல்வெளி அது என்று தெரிந்து பார்க்கையில் உடம்பு சிலிர்க்கிறது.

யுங்ஃப்ராவ் சிகரத்தை ஒட்டிய கணவாயான யுங்ஃப்ராவ்யோஹில் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. டிக்கெட் விலை அதிகம். காலையில் நேரலைக் கேமராவில் உச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மேகம் மூடியிருந்தால் மலைமேல் போக வேண்டாம். தெளிந்த இன்னொரு நாளில், வெங்கனிலிருந்து கேபிள் காரில் மென்லிஹன் மலைக்குப் போய், அங்கிருந்து கிளைன ஷைடெக்கிற்கு நடந்து பாருங்கள். ஒன்றரை மணி நேர நடை, பெரிய ஏற்றம் கிடையாது, ஐகர் கண்ணெதிரே நிற்கும். குளிர்காலத்திலும் பனியைச் சமன்செய்து நடைபாதை போட்டு வைக்கிறார்கள். ஸ்கீ தெரியாத அப்பா அம்மாவையும் தாராளமாக அழைத்துப் போகலாம்.