பள்ளிச் சுவர் இடிந்தால் தீர்மானத்தில் என்ன எழுத வேண்டும்?

"பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் பாருங்கய்யா" என்று கிராம சபையில் ஒரு தாய் எழுந்து கேட்பார். "பாத்துடலாம்மா" என்பார் தலைவர். அத்தோடு சரி, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறியிருக்காது. புத்தகத்தில் ஏறாத பேச்சுக்கு அலுவலகத்தில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பதற்கு முன்னால் கட்டடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்கள் ஒன்றியத்தின் பொறுப்பு. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறை. பள்ளி வாசலில் தேங்கும் சாக்கடையும் எரியாத தெருவிளக்கும் கிராம ஊராட்சியின் வேலை. ஒன்றிய அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர்: வட்டார ஊராட்சிக்கு (அதாவது ஊராட்சி ஒன்றியத்துக்கு) ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். சுவருக்கான மனு தெருவிளக்கு பார்ப்பவரின் மேசைக்குப் போனால் அங்கேயே படுத்துக்கொள்ளும்.

பள்ளி விஷயத்தை முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் குழுவின் கடமை. ஆகவே கணக்கு கேட்கத் தயங்க வேண்டாம். குழு போட்ட தீர்மானத்தின் நகலைத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு கிராம சபைக்குப் போனால், "பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கா?" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்பு தர வேண்டும் என்பதால், அதற்கும் முன்னதாக மனு கொடுத்தால்தான் கூட்டப் பொருளில் சேரும். மனுவின் நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். தலைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும்.

இனி வாசகம். பல ஊர்களில் கோட்டை விடுவது இங்கேதான். "பள்ளிச் சுற்றுச்சுவரைச் சீரமைக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் எந்தச் சுவர், யார் செய்வது, எப்போது என்ற எதற்கும் பிடி இல்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள்: "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வடக்குச் சுற்றுச்சுவர் 12 மீட்டர் நீளத்துக்கு இடிந்துள்ளது. ஒன்றியப் பொறியாளர் 15 நாட்களுக்குள் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்கவும், அதுவரை அப்பகுதியில் தடுப்பு அமைக்கவும் வட்டார வளர்ச்சி அலுவலரை (வட்டார ஊராட்சி) இச்சபை கோருகிறது." நீளத்தை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். குத்துமதிப்பாகச் சொன்ன அளவு மதிப்பீட்டின்போது இடிக்கும். தொகை தெரியாவிட்டால் விட்டுவிடலாம், அதை மதிப்பீடு சொல்லட்டும்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். வெற்றுப் பக்கத்தின் கீழே கையெழுத்தே வேண்டாம். தீர்மானங்களை எழுதி, சபையில் உரக்க வாசித்த பிறகு போடலாம். எழுத்து தெரியாத பாட்டிக்கும் தான் எதற்குக் கைநாட்டு வைக்கிறோம் என்று தெரிய வேண்டும். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

பிறகு தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கூட்டத் தேதியையும் தீர்மான எண்ணையும் குறிப்பிட்டு, சான்றொப்பமிட்ட நகல் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அலுவலகம் மாறிப் போயிருந்தாலும் ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு அந்த நகலோடு போய், புதுப் பொருள் எடுக்கும் முன்பே எழுந்து, போன கூட்டத்துத் தீர்மானத்தின் எண்ணைச் சொல்லி, மதிப்பீடு எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். வரும் பதிலையும் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.