மாண்டவி முடிச்சு: கமால் பலகை, இதுவரை

கட்ச் மாலுமிகளின் பொத்தி (கடல்வழிக் கையெழுத்துக் குறிப்பேடு) ஒன்று, 1664ஆம் ஆண்டினது, புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து முறையில் அட்சரேகை பார்க்க ஒரு பலகையும், துறைக்கொரு முடிச்சிட்ட கயிறும் போதும்; இதுவே கமால். துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் நிற்கும் கோணமே ஏறத்தாழ அட்சரேகை. நம் கோரமண்டலக் கரையில் இராப்பலகை என்றது இதைத்தான்.

நான் செய்தது: 4 மி.மீ. பிளைவுட், உயரம் 15 செ.மீ., நட்டநடுவில் 2 மி.மீ. துளை. கயிறு பின்னல் தூண்டில் நூல். பருத்தி நூல் ஈரத்தில் நீளம் மாறும். முடிச்சைப் பல்லில் கடித்து நூலை விறைப்பாக இழுத்து, கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்த வேண்டும்.

கணக்குப்படி கட்ச் துறையான மாண்டவிக்கு (அட்சரேகை 22.83 பாகை) பலகை கண்ணிலிருந்து 37.1 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். நூலிலும் அதே அளவில் முடிச்சுப் போட்டால் தப்பு. பல் கண்ணுக்குக் கீழே இருப்பதால் நூல் ஏறத்தாழ 1 செ.மீ. கூடுதலாக வேண்டும், அதுவும் முகத்துக்கு முகம் மாறும். அந்த 1 செ.மீ. கடலில் 60 கி.மீ.க்கு மேல். சூத்திரத்தை நம்பாமல், தெரிந்த துறையில் நின்று பார்த்தே முடிச்சிடுவதுதான் சரி.

ஆனால் மாண்டவிக் கரை தெற்கே பார்த்தது. வடக்கே நிலம், தொடுவானம் கிடைக்காது. எதிர்க்கரையில் ஓகா துறைக்கு (22.47 பாகை) போனால் வடக்கே வளைகுடா. அங்கே முடிச்சிட்டு, மாண்டவிக்கு 6 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம். சுமார் 40 கி.மீ. கடல் அந்த 6 மி.மீ.தான்! பலகையை 10 செ.மீ. ஆக்கினால் இதுவும் சுருங்கி 4 மி.மீ. ஆகிவிடும். பல அளவுப் பலகைகளை அடுக்கி வைத்துக்கொண்டதன் காரணம் இங்கேதான் புரிகிறது.

நேரமும் முக்கியம். இருட்டினால் தொடுவானம் மறையும். அந்தி அல்லது நிலா வெளிச்சம் வேண்டும். துருவ நட்சத்திரம் இன்று துருவத்திலிருந்து 0.6 பாகை விலகிச் சுற்றுகிறது. அதற்கு நேர் பக்கவாட்டில் சிறுகரடிக் கூட்டத்தின் கோச்சாப் நட்சத்திரம் வரும்போது பார்த்தால் திருத்தம் வேண்டாம். ஏப்ரல் பிற்பாதி அந்தியில் இது அமைகிறது.

பழைய எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. அன்றைய கோண அளவான ஒரு விரல் 1.6 பாகை, அதாவது சுமார் 96 கடல்மைல். 1664இல் விலகல் ஏறத்தாழ இரண்டரை பாகை. பழைய வழக்கப்படி நட்சத்திரம் அடிமட்டத்தில் இருக்கும்போது அளந்தால் மாண்டவிக்கு அன்று ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் விரல் வரும், இன்று பதினான்குக்குச் சற்றுக் குறைவு.

அடுத்து 8 செ.மீ. பலகை, தெற்குத் துறைகளுக்கு.