குரூப் 4 தமிழ்: பட்டியலை மடித்து வையுங்கள், ‘குன்றுதல்’ கற்றுக்கொள்ளுங்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முடிவு வந்துவிட்டது, என் பெயர் கலந்தாய்வுக்கு உள்ளே இருக்கிறது. கணக்கையும் பொது அறிவையும் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. நான் எழுதுவது தமிழைப் பற்றி மட்டும். 150 மதிப்பெண் அங்கேதான் கிடக்கிறது.

பயிற்சி மையத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். குன்றுதல், தேய்தல், தணிதல், வடிதல், நலிதல் ஆகிய எல்லாவற்றுக்கும் எதிரே ‘குறைதல்’ என்ற ஒரே பொருள்! இதை உருப்போட்டால் தேர்வறையில் நான்கு விடையும் சரியாகத்தான் தெரியும். எந்தச் சொல் எதனோடு சேரும் என்று பாருங்கள். வைகையில் வெள்ளம் வடியும், குன்றாது. கண்மாய் வற்றும். காய்ச்சல் தணியும், ஆனால் நோயாளி ‘உடல்நலம் குன்றியவர்’. மல்லிகை விலை சரியும், கைத்தறி நலியும். வளம், ஊக்கம், பெருமை, உடல்நலம் ஆகியவைதான் குன்றும். நிறைவாக இருந்த ஒரு தன்மை சிறுத்துப்போவது அது.

திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்திலேயே இரண்டு இடம்: ‘வாரி வளங்குன்றிக் கால்’ (14), ‘நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும்’ (17). கடல் வற்றும் என்று சொல்லவில்லை, அதன் இயல்பு குன்றும் என்கிறார். கொடுங்கோன்மையில் ‘ஆபயன் குன்றும்’ (560).

எல்லாவற்றுக்கும் மேல் 965:

குன்றின் அனையாரும் குன்றுவர் குன்றுவ
குன்றி அனைய செயின்.

மலை, தாழ்தல், குன்றிமணி என மூன்று பொருள். திருப்பரங்குன்றத்துக்காரர்களுக்கு முதல் பொருளை யாரும் விளக்க வேண்டாம். மூன்றாவதை, தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருந்த பெரியப்பாவின் தராசுப் பெட்டியில் பார்த்திருக்கிறேன். செக்கச் சிவந்த விதை, ஒரு முனையில் மட்டும் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பு. பொன் நிறுக்க அதை எடையாக வைத்த காலம் உண்டு. அவ்வளவு சிறிய இழிசெயல் போதும், மலை போன்றவரும் தாழ்ந்துவிடுவார். ‘குன்றின்’ என்பதைத் ‘தாழ்ந்தால்’ என்று படித்துவிடாதீர்கள், அங்கே அது மலைதான்.

இதே சொல்லிலிருந்து இலக்கணமும் வரும்:

- குன்று: மென்தொடர்க் குற்றியலுகரம்.
- குன்றி: 965இல் பெயர். ‘வளம் குன்றி வாடினான்’ என்றால் வினையெச்சம்.
- குன்றா வளம்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் (‘குன்றாத’ என்பதில் கடைசி எழுத்து கெட்டது). இதை விடவே விடாதீர்கள்.
- எதிர்ச்சொல் கேட்டால் ‘பெருகுதல்’ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

மதுரையில் உட்கார்ந்து படிக்க நூலகம் எது என்று கேட்கிறார்கள். புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரியதுதான், ஆனால் அந்தக் குளிர் எனக்குத் தூக்கம் தருகிறது. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து நாளிதழ் தலையங்கங்களைப் படித்தேன். ஒரு சொல் கண்ணில் பட்டால் முழு வாக்கியத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பொருளை ஓரத்தில் பென்சிலால் எழுதினால் போதும்.