ஓடுதளம் இருக்கிறது, கேப்டன் எங்கே?

செட்டிநாட்டில் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று பயன்பாடில்லாமல் கிடக்கிறது. அதில் விமானம் வருமா என்ற பேச்சு காரைக்குடியில் எழும்போதெல்லாம் நிலம், ஓடுதள நீளம், பயணிகள் எண்ணிக்கை என்றே கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் திருச்சிக்கோ மதுரைக்கோ கார் பிடித்து அலுத்தவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் சிறு விமான நிறுவனங்களில் ரோஸ்டர், அதாவது விமானிகளின் பணி அட்டவணை, போடும் எங்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு. கேப்டன் எங்கிருந்து வருவார்?

சிற்றூர்ச் சேவைகளில் ஓடும் ஏடிஆர் 72 என்ற சிறு விமானம் ஒன்று நாளுக்கு 10 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 3,650 மணி. ஒரு விமானி வருடத்தில் 1,000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. விடுப்பு, வார ஓய்வு, ஸ்டாண்ட்பை (யாராவது வராவிட்டால் பறக்கத் தயாராகக் காத்திருப்பது), ஆறு மாதத்துக்கொரு சிமுலேட்டர் சோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் கழித்தால் ஒருவரிடமிருந்து 750 மணி கிடைப்பதே பெரிது. ஆக, ஒரு விமானத்துக்கு 5 கேப்டன், 5 ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி). மூன்று விமானம் என்றால் 15 கேப்டன். அவர்களில் இரண்டு மூன்று பேர் பயிற்றுநர்களாகவும் இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே மாதத்தில் ராஜினாமா கொடுத்தால் முதலில் காணாமல் போவது ஸ்டாண்ட்பை. அதன் பிறகு ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலே அன்றைய நான்கு செக்டரும், அதாவது நான்கு பயணமும், ரத்து. விமானம் இரவு வெளியூரில் நிற்குமானால் நிலைமை இன்னும் மோசம், மாற்று விமானியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவே வழியிருக்காது.

இதைக் கேட்டதும் நாட்டில் விமானிகளே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 200 மணி பறந்து, அரைக் கோடிக்கு மேல் செலவழித்து, லைசென்ஸ் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. பற்றாக்குறை கேப்டன் உட்காரும் இடதுபக்க இருக்கைக்குத்தான். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்சுக்கு 1,500 மணி வேண்டும். வருடம் 750 மணி பறந்தாலும் மணிக்கணக்கு நிறையவே இரண்டு வருடம் ஓடிவிடும். தேர்வுகள், கமாண்ட் பயிற்சி, சோதனைப் பறப்புகள் சேர்ந்தால் மூன்றைத் தாண்டும். அந்த மூன்று வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஒரு கேப்டன் வேண்டும். இருக்கிற கேப்டன்களைப் பெரிய ஜெட் நிறுவனங்கள் இழுத்துக்கொண்டால் கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை, கற்றவர் மேலேறவும் வழியில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த முறை தெரியாததல்ல. பர்மாவில் நடத்திய வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகுதான் கடையை நடத்தும் மேலாளாக முடியும். மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு, அது முடிந்தால் ஊரில் ஓய்வு. அடுத்தாளை வளர்க்காத கடை மேலாள் ஊருக்குக் கிளம்பும் நாளில் என்ன ஆகும்? சிற்றூர்களுக்கு விமானம் விட மத்திய அரசு நடத்தும் உடான் திட்டத்தில் வழித்தட மானியமும் மூன்று வருடத்துக்குத்தான். இன்று சேர்க்கும் ஃபர்ஸ்ட் ஆபீசர் கேப்டனாகும் நேரத்தில் மானியம் முடிந்திருக்கும். எனவே பல நிறுவனங்கள் ஆளை வளர்ப்பதே இல்லை. அடுத்த நிறுவனத்திடமிருந்து இழுக்கப் பார்க்கின்றன.

விமானிகள் சங்கங்களின் கோபத்தை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். ஆள் போகிறார்கள் என்றதும் நிர்வாகம் கையில் எடுப்பது பாண்டும் (இத்தனை காலம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) நோட்டீஸ் காலமும். 2017 முதல் கேப்டனுக்கு 12 மாதம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6 மாதம் நோட்டீஸ். போக முடிவெடுத்த ஒருவரை ஒரு வருடம் பிடித்து வைப்பதால் பாதுகாப்புக் கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. போகிறவரை நிறுத்துவதைவிட, அடுத்தவரைத் தயார்செய்ய அந்த ஒரு வருடத்தை எத்தனை நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்பதே கேட்க வேண்டியது.

அடுத்தது ஓய்வு. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய பணிநேர விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கின. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை என்று நீண்டது. சிறு விமானங்கள் இரவில் அதிகம் பறப்பதில்லை, எனவே பாதிப்பில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். 6 மணிக்கு முதல் விமானம் என்றால் விமானி 5 மணிக்கே, அதாவது விதி சொல்லும் இரவிலேயே, பணியில் இருக்க வேண்டும், எழுந்திருப்பதோ மூன்றரைக்கு. அதன்பின் ஒரே நாளில் ஐந்தாறு முறை இறங்கி ஏறுவது நீண்ட ஒற்றைப் பயணத்தைவிடக் களைப்பு தரும். 2025 டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது பழியை விதிகள்மீது போட்டவர்கள் உண்டு. விதி அறிவிக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆளெடுக்க அது போதுமான காலம். சங்கங்கள் சொன்னதும் அதைத்தான்.

அமெரிக்காவிலும் இதே பாடு. 2009இல் பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பின், 2013 முதல் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் பொதுவாக 1,500 மணி கட்டாயமாயிற்று. அங்கே பிராந்திய நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் நெடுங்காலம் மிகக் குறைவு. ஆள் கிடைக்காமல் சிற்றூர்ச் சேவைகள் நிற்கத் தொடங்கிய பிறகு, 2022இல்தான் சம்பளம் கணிசமாக ஏறியது.

காரைக்குடிக்கு விமானம் கேட்டு மனுக் கொடுப்பவர்கள் அதில் ஒரு வரி சேர்க்கலாம். வழித்தடம் கேட்டு வரும் நிறுவனத்திடம் விமான எண்ணிக்கையோடு கேப்டன், பயிற்றுநர், ஸ்டாண்ட்பை எண்ணிக்கையையும் எழுத்தில் வாங்க வேண்டும். முந்தைய வருடம் எத்தனை கேப்டன்கள் விலகினார்கள், எத்தனை ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் பதவி உயர்ந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைவாக இருந்தால், மானியம் எவ்வளவு கொடுத்தாலும் அந்தச் சேவை நிலைக்காது.