உளிக்கு ஓர் உறை: தச்சுப் பயிற்சியில் நான் கற்றுக்கொண்டது

ஐ.டி.ஐ.யில் கார்பென்டர் டிரேடு சேர்ந்து மூன்றாவது மாதம். ஐப்பசி மழை பிடித்திருந்தது. சொந்தக் காசில் வாங்கிய முக்கால் அங்குல உளிக்கு மரத்தில் உறை செய்து, பளபளவென்று வார்னிஷ் அடித்துப் பையில் வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து வகுப்பில் செய்முறைத் தேர்வு. ஒரு கட்டையில் துளை போட்டு, மற்றதன் நுனியில் செதுக்கிய கழுந்தை அதில் சேர்க்க வேண்டும். உளியை இழுத்தால் உறையை விட்டு வரவில்லை. கொட்டாப்புளியால் தட்டி எடுத்தபோது உளியின் வாய் முழுக்கச் செந்துரு. தேர்வு நேரத்தில் முக்கால் மணி சாணைக்கல்லிலேயே போய்விட்டது.

அன்று மாலை சார் அந்த உறையை வாங்கி, ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாக அறுத்துக் காட்டினார். வார்னிஷ் அடித்த வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. உள்ளே தொட்டால் சில்லென்று ஈரம். மழைத்தண்ணீர் உள்ளே போகவே இல்லை. ஈரம் மரத்திலேயே இருந்தது. வார்னிஷ் அதை வெளியே விடாமல் பூட்டி வைத்திருந்தது. உறை செய்யக் கற்கும் எல்லோரும் ஒரு முறையாவது தங்கள் உறையை இப்படி அறுத்துப் பார்க்க வேண்டும். பேக்கிங் பெட்டி மரத்தில் இரண்டு மூன்று உறை செய்து அறுத்துப் பாருங்கள். பசை எங்கே வழிந்தது, அலகு எங்கே உரசியது, எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

முதல் வேலை காய்ந்த மரம். மர அறுவை மில்லில் ‘காய்ந்ததுதான் தம்பி’ என்பார்கள். அதை நம்பாமல் துண்டை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, எடையைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பிறகு வீட்டுக்குள் காற்றாடும் இடத்தில் வைத்து, வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் அந்த மரம் நம் ஊர்க் காற்றோடு சமமாகிவிட்டது என்று அர்த்தம். எனக்குக் குமிழ் மரம் பிடிக்கும். லேசானது, உளிக்கு இணங்கும், அதிகம் முறுக்காது. கருவேலம் வேண்டாம். அதில் துவர்ப்புச் சத்து அதிகம். ஈரம் பட்டால் இரும்போடு சேர்ந்து கறுத்து அலகை அரிக்கும். தெரியாத மரமாக இருந்தால் ஒரு மூலையை நனைத்து, அதன்மேல் இரும்பு ஆணி ஒன்றை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் கருநீலக் கறை விழுந்திருந்தால் அந்த மரத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உறையின் இரண்டு பாதிகளும் ஒரே பலகையிலிருந்து வர வேண்டும். பலகையைக் கனத்தில் பிளந்து, புத்தகம் விரித்ததுபோல் எதிரெதிரே வையுங்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். இரண்டு பாதியும் ஒரே மாதிரி அசைந்தால் ஒட்டு பிரியாது.

குடைவதுதான் பொறுமை கேட்கும் வேலை. தட்டையான உளிக்கு ஒரு பாதியில் மட்டும் முழு ஆழமும் குடைந்து, மறுபாதியை மூடியாகப் போடுவது சுலபம். கத்திக்கு இரண்டு பக்கமும் பாதிப்பாதி எடுக்க வேண்டும். சுவர் இரண்டு நூல் கனத்துக்குக் குறையக் கூடாது (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கூர் விளிம்பு எங்கும் மரத்தைத் தொடக்கூடாது, தொட்டால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கூர் போகும். ஜப்பானிய வாளுறையில் அலகின் அடியில் இருக்கும் உலோகக் கட்டுதான் உறையின் வாயில் இறுகிப் பிடிக்கும். அலகு உள்ளே தொங்குவதுபோல் நிற்கும். நம் கத்திக்கும் அதே கணக்குதான். வாய்ப்பக்கம் ஒரு அங்குலம் இறுக்கம், மற்றது தளர்ச்சி. எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை ஒரு துளி எண்ணெயில் குழைத்து அலகில் மெல்லப் பூசி, இரண்டு பாதியையும் கிளாம்பில் பிடித்து, கத்தியை விட்டு எடுங்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவுங்கள். எனக்கு ஏழெட்டுத் தடவை ஆனது. அவசரப்பட்டு ஒரே சீவலில் முடித்தால் உறை லொடலொடத்துவிடும், திருப்பிச் சேர்க்க முடியாது.

ஒட்டுவதற்கு முன் உறையின் முனையில் ஒரு நூல் அளவுக்குச் சின்ன ஓட்டை போடுங்கள். ஈரம் எப்படியும் உள்ளே வரும். அது வடிந்து போக வழி வேண்டும்.

ஜப்பானில் வெள்ளை உறை என்று சொல்லும் சாதா மர உறையைச் சோற்றுப் பசையால் ஒட்டுவார்கள். பின்னால் பிளந்து உள்ளே சுத்தம் செய்யலாம் என்பதற்காக. அலமாரியில் இருக்கும் வாளுக்கு அது அருமை. தினம் தோளில் போகும் கருவிக்கு, நம் மழையில், அது நிற்காது. நான் எபாக்சிப் பசை போட்டு, ஓரத்தில் பித்தளைத் திருகாணி இரண்டும் வைக்கிறேன். குழியிலிருந்து ஒரு நூல் தள்ளியே பசை தடவுங்கள், அழுத்தும்போது அது உள்ளே வழியும். வெளி வடிவத்தை ஒட்டிய பிறகு இழைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பூச்சு. வார்னிஷ் மேலே தோல் மாதிரி நிற்கும். ஒரு இடி பட்டால் வெடித்து, அந்த வெடிப்பில் தண்ணீர் ஏறும். எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இதற்கு உதவாது, அவை காய்ந்து இறுகுவதில்லை. லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய்தான் வேண்டும். முதல் பூச்சுக்குச் சரிபாதி டர்பன்டைன் கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். அடுத்த நாலு பூச்சு கலக்காத எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் காய வேண்டும், அதனால் இதைக் கோடையில் செய்யுங்கள். வாயிலும் முனையிலும் மரத்தின் குறுக்குவெட்டு தெரியும் அல்லவா, தண்ணீர் குடிப்பது அந்த இடம்தான். அங்கே மட்டும் குடிக்குமளவு கூடுதலாகக் கொடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடு கிளம்பும். குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். ஒற்றையாக விரித்து வெளியே கொடியில் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

உள்பக்கத்துக்கு எண்ணெய் வேண்டாம், காயாமல் பிசுபிசுக்கும். தேன்மெழுகு போதும். 62 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும், அதனால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்குங்கள். உறையை வெயிலில் சூடாக்கி, முனை ஓட்டையில் ஈர்க்குச்சி சொருகி, மெழுகை ஊற்றிச் சுழற்றி உடனே கவிழ்த்துவிடுங்கள்.

வளைந்த அரிவாளுக்கு இந்த முறை பொருந்தாது. நேராக இழுத்தால் வளைவு சிக்கும். முதுகுப் பக்கம் திறந்த உறையாகச் செய்து தோல்வாரால் கட்டலாம். கோடரிக்கு வாய்க்கு மட்டும் பள்ளம் குடைந்த கட்டையும், பிடித்துக்கொள்ளச் சைக்கிள் டியூப் துண்டும் போதும்.

எவ்வளவு நல்ல உறை என்றாலும் அலகைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவித்தான் உள்ளே விட வேண்டும். மாதக்கணக்கில் எடுக்காத கருவியை உறையிலேயே விட்டுவைக்காதீர்கள். எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.

ஆண்டுக் கடைசித் தேர்வுக்குள் ஐந்து உளிக்கும் உறை செய்துவிட்டேன். அன்று சாணைக்கல்லைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. இப்போது புரட்டாசி வெயில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக எடுத்து, முனை ஓட்டையில் ஈர்க்குச்சி விட்டுத் தூசி தட்டி, வாயோரம் புது மெழுகு தேய்த்து வைக்கிறேன். ஓர் உறைக்குப் பத்து நிமிடம் ஆகும்.