நடுவர் மேஜையில் ஒரு டிரா

செஸ் போட்டிகளில் ஆர்பிட்டராக இருப்பவன் முதலில் பழக வேண்டியது, வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு. ஒரே நிலை போர்டில் மூன்று தடவை வந்துவிட்டால் டிரா கேட்கலாம். ஆனால் ஆடுபவர்தான் கேட்க வேண்டும், நாம் ஜாடைகூடக் காட்டக்கூடாது. ஐந்து தடவை வந்தால்தான் நாமாகவே ஆட்டத்தை முடிக்கலாம். ஆட்டம் தெரிந்தவனுக்கு இது பெரிய அவஸ்தை.

சென்னையில் ஒரு ஓபன் போட்டி. 90 நிமிடம், மூவுக்கு 30 விநாடி கூடுதல். அதனால் இருவரும் கடைசி வரை ஒவ்வொரு மூவையும் ஸ்கோர் ஷீட்டில் எழுதியே ஆக வேண்டும். ஒரு பக்கம் 1500 ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) பள்ளிக்கூடப் பையன், எதிரே 1700 ரேட்டிங்கில் நடுவயதுக்காரர் ஒருவர். டிரா ஆனால் பையனுக்குச் சுமார் 10 புள்ளி கூடும், அவருக்கு 5 போகும். சின்னப் பையன்களுக்கு ரேட்டிங் இரட்டிப்பு வேகத்தில் ஏறும், இறங்கும். பெரியவர்கள் இவர்களோடு ஆட முகம் சுளிப்பது சும்மா இல்லை.

பையனிடம் பிஷப், அவரிடம் ரூக். இருவருக்கும் சில சிப்பாய்கள். பையன் ராஜாவை இரண்டே கட்டங்களில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று கிளாக்கை நிறுத்திக் கையைத் தூக்கினான். "சார், மூணு தடவை வந்துடுச்சு."

இரண்டு ஸ்கோர் ஷீட்டையும் வாங்கி, பக்கத்து போர்டில் காய்களை வைத்து நகர்த்திப் பார்த்தோம். பையன் சொன்னது ஒரு வகையில் சரிதான். காய்கள் மூன்று தடவையும் அதே கட்டங்களில்தான் இருந்தன. முதல் இரண்டு தடவை மூவ் அவருடையது, மூன்றாவது தடவை பையனுடையது. இரண்டு மூவில் திரும்பி வரும் ரூக்கை அந்த மனிதர் வேண்டுமென்றே மூன்று மூவில் கொண்டுவந்திருக்கிறார். யார் ஆட வேண்டும் என்பதும் ஒத்துப்போனால்தான் விதிப்படி அது ஒரே நிலை.

கோரிக்கை செல்லாது என்றேன். எதிராளிக்கு 2 நிமிடம் கூட்டினேன். பையனுக்கு அந்த 2 நிமிடம் பெரிய விஷயமில்லை. இப்போது அவன் ஆடியே தீர வேண்டும், எங்கே ஆடினாலும் ஒரு சிப்பாய் போகும். போனது. அப்புறம் ஆட்டம் வெகுநேரம் நீடிக்கவில்லை.

வாசலில் அப்பா பிடித்துக்கொண்டார். "மூணு தடவை வந்துச்சாமே சார், ஏன் குடுக்கல?"

"இல்லப்பா, கடைசியில என் மூவ்" என்றான் பையன், என்னை முந்திக்கொண்டு. அப்பாவுக்குத் திருப்தியில்லை. அப்பீலுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பையன் அதற்குள் அடுத்த ரவுண்டில் யாரோடு ஆட்டம் என்று பார்க்கப் போய்விட்டான்.